பிளாக்ஜாக் ஆடியவர் போக்கருக்கு உட்காரும் முன்

இரண்டுக்கும் அதே 52 சீட்டுதான், இரண்டிலும் பந்தயம் உண்டு, அதனால் ஒன்று பழகிவிட்டால் மற்றது தானாக வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு உட்காருகிறவர்கள் நிறைய பேர். வராது. பிளாக்ஜாக்கில் நீங்கள் மோதுவது ஒரு விதியோடு, போக்கரில் மோதுவது எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளோடு. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் சுலபமாகப் புரியும்.

முதலில் பிளாக்ஜாக். 21ஐத் தாண்டாமல் டீலரைவிட (மேசையின் சார்பில் சீட்டுப் போட்டு ஆடுகிறவர்) அதிகம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஜாக், ராணி, ராஜா மூன்றுக்கும் 10, ஏஸை 1 என்றோ 11 என்றோ வைத்துக்கொள்ளலாம். பக்கத்து நாற்காலிக்காரர் என்ன வைத்திருக்கிறார் என்பதால் உங்கள் வெற்றி தோல்வி மாறாது. டீலருக்குச் சொந்த யோசனை கிடையாது: 16 வரை எடுத்தே ஆக வேண்டும், 17 வந்தால் நிறுத்த வேண்டும் (ஏஸை 11 ஆக எண்ணி வரும் 17க்கு மட்டும் சில மேசைகளில் இன்னொரு சீட்டு எடுப்பார்கள்). அவர் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது, கண்டுபிடிக்கவும் ஒன்றுமில்லை.

அதனால்தான் இங்கே ஒவ்வொரு கைக்கும் (உங்களுக்கு வந்திருக்கும் சீட்டுகளுக்கு) சரியான விடை என்று ஒன்று இருக்கிறது. உங்களிடம் ராஜாவும் 6ம், மொத்தம் 16. டீலரின் திறந்த சீட்டு 10. எடுப்பதா, நிறுத்துவதா? 13 வகைச் சீட்டில் 8 வகை வந்தால் நீங்கள் காலி, ஆனாலும் எடுக்கத்தான் வேண்டும், ஏனென்றால் நின்றால் டீலர் 17 அல்லது அதற்கு மேல் கொண்டுவந்துவிடும் வாய்ப்பு அதைவிட அதிகம். அதே 16க்கு எதிரே டீலரிடம் 6 இருந்தால் பேசாமல் நில்லுங்கள், அவர் தாண்டட்டும். இரண்டு ஏஸ், இரண்டு 8 வந்தால் பிரியுங்கள் (தனித்தனி இரண்டு கையாக ஆடுங்கள்), இரண்டு 10ஐப் பிரிக்காதீர்கள், இன்சூரன்ஸ் (டீலரின் திறந்த சீட்டு ஏஸாக இருக்கும்போது கேட்கும் தனிப் பந்தயம்) பக்கம் போகவே வேண்டாம். உட்காரும் முன் மேசையில் எழுதியிருப்பதையும் படியுங்கள்: முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால் 3க்கு 2 கொடுக்கும் மேசையில் 10 டோக்கனுக்கு 15 கிடைக்கும், 6க்கு 5 மேசையில் 12தான். என்னதான் சரியாக ஆடினாலும் பொதுவாக மேசைக்குக் கொஞ்சம் சாதகம் மிச்சம் இருக்கும், காரணம் இதுதான்: நீங்கள் முதலில் தாண்டிவிட்டால், பின்னால் டீலரும் தாண்டினாலும் உங்கள் பந்தயம் போனது போனதுதான்.

சரி, இப்போது போக்கர். பெரும்பாலும் ஆடப்படுவது டெக்சஸ் ஹோல்டெம். கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து (முதலில் மூன்று, அப்புறம் ஒவ்வொன்றாக இரண்டு), நான்கு சுற்றுப் பந்தயம், ஏழில் சிறந்த ஐந்து. எந்தச் சேர்க்கை எதைவிடப் பெரியது என்ற வரிசையை மனப்பாடம் செய்யுங்கள், முக்கியமாக ஒரே சின்னத்தில் ஐந்து வருவது தொடர் எண் ஐந்தைவிடப் பெரியது, இதில்தான் புதியவர்கள் அடிக்கடி குழம்புகிறார்கள்.

பிளாக்ஜாக்கிலிருந்து வருகிறவர் செய்யும் பெரிய தவறு, வந்த எல்லாக் கையையும் ஆடுவது. அங்கே அது பழக்கம், இங்கே நஷ்டம். போக்கரில் பாதிக்கும் மேற்பட்ட கைகளை ஆரம்பத்திலேயே கீழே வைத்துவிட வேண்டும், அதில் வெட்கமே இல்லை. இரண்டு ஏஸ் சராசரியாக 221 கைக்கு ஒருமுறைதான் வரும், அதுகூட ஒரே ஒருவருக்கு எதிராக என்றால் சுமார் 85 சதவீதம் ஜெயிக்கும், எட்டு பேர் கடைசிவரை நின்றால் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அதனால் நல்ல கை வந்தால் பந்தயத்தை ஏற்றி, கூட்டத்தைக் குறையுங்கள்.

ஒரு கையைக் கிட்டே வைத்துப் பார்ப்போம். உங்களிடம் இரண்டு ஆட்டின், நடுவில் திறந்த மூன்றில் இரண்டு ஆட்டின். இன்னும் ஒன்று வேண்டும். நீங்கள் பார்க்காத 47 சீட்டில் 9 ஆட்டின் இருக்கிறது, அடுத்த சீட்டே ஆட்டினாக இருக்க 19 சதவீத வாய்ப்பு. இதுவரை எல்லோரும் போட்ட பந்தயக் குவியலில் 80 டோக்கன், எதிராளி 20 போடுகிறார். நீங்களும் 20 போட்டால் மொத்தம் 120, அதில் உங்கள் பங்கு ஆறில் ஒன்று, 17 சதவீதத்துக்குள்தான் வருகிறது. உங்கள் வாய்ப்பு 19, அதைவிட அதிகம், அதனால் போடலாம். அவர் 20க்குப் பதில் 80 போட்டிருந்தால் உங்கள் பங்கு மூன்றில் ஒன்றாகிவிடும், அடுத்த சீட்டை மட்டும் நம்பி அதைப் போடக்கூடாது. சீட்டு அதேதான், அவர் போட்ட தொகைதான் உங்கள் முடிவை மாற்றியது. தவிர, அவரிடம் ஒன்றுமே இல்லாமல் உங்களை விரட்டத்தான் 80 போட்டாரா என்ற கேள்வி வேறு இருக்கிறது!

பழகுவதற்கு, பிளாக்ஜாக்குக்கு ஆள் தேவையில்லை, தனியாக உட்கார்ந்து டீலர் பக்கத்தையும் நீங்களே விதிப்படி ஆடி ஐம்பது கை போடுங்கள். போக்கருக்கு நான்கு பேராவது இருந்தால் நல்லது, டோக்கனுக்குப் பதில் ஆளுக்குச் சமமாகத் தீக்குச்சியைப் பிரித்துக்கொள்ளுங்கள். கையைக் கீழே வைத்த பிறகு போனை எடுக்காதீர்கள். யார் யோசிக்காமல் போடுகிறார், யார் பெரிய கை வந்தால்தான் பேசாமல் இருக்கிறார் என்று அந்த நேரத்தில்தான் நிதானமாகப் பார்க்க முடியும்.