பம்பர் கீறலும் டெபாசிட்டும்
தண்டையார்பேட்டையில் ஏழு சீட் வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, நானே பழவேற்காடு வரை ஓட்டிப்போய் வந்தேன். திருப்பிக் கொடுக்கும்போது பின் பம்பரில் ஒரு கீறலைக் காட்டி 3000 ரூபாயைப் பிடித்துக்கொண்டார் வேன்காரர். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எப்படி ஊர்ந்து வந்தேன் என்று எனக்குத்தான் தெரியும், அது என் கீறலே இல்லை.

அடுத்த முறை சாவியை வாங்குவதற்கு முன்பே வண்டியைச் சுற்றி வந்து, ஸ்டெப்னி, ஜாக்கி, கிலோமீட்டர், டீசல் முள் எல்லாம் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்து, அங்கேயே அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். முகம் சுருங்கியது, ஆனால் டெபாசிட் முழுசாக வந்தது.

அப்புறம், நம்பர் பிளேட்டைப் பாருங்கள்: நாமே ஓட்டும் வாடகை வண்டிக்குக் கறுப்பில் மஞ்சள் எழுத்துதான். வெள்ளை பிளேட் என்றால் நான் தொடுவதே இல்லை.