அத்தை நாடு மாறிய கதையை மூன்று நிமிட வீடியோவாக்கியது எப்படி

அத்தை இருபது வயதில் ஒரு பெட்டியோடு வேறு நாட்டுக்குக் கிளம்பிய கதையை வீடியோவாக எடுத்து முடிக்க எனக்கு ஆறு வாரம் ஆனது. அதில் மூன்று வாரத்தை ஒரே ஒரு சிக்கல் தின்றது. அதை நீங்களும் பட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். மொபைலில் பதிவு செய்வது, கோப்பைக் கணினிக்கு மாற்றுவதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

இந்த வடிவம் நம் காலத்து ரீல்ஸோடு வந்ததல்ல. 1994-இல் ஜோ லாம்பர்ட், டேனா ஆட்ச்லி போன்றவர்கள் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய டிஜிட்டல் மீடியா சென்டர்தான் பின்னாளில் ஸ்டோரிசென்டர் ஆனது; சொந்தக் கதையை வீடியோவாக்கப் பழக்கும் அமைப்பு அது. சொந்தக் குரல், கையிலிருக்கும் பழைய படங்கள், இரண்டு மூன்று நிமிடம். அவர்கள் பழக்கிய அளவு அவ்வளவுதான். அதையே பிடித்துக்கொள்ளுங்கள். முதல் முயற்சியிலேயே அரை மணி நேர ஆவணப்படத்துக்கு ஆசைப்பட வேண்டாம்.

படி 1: கேள்வி

"ஏன் கிளம்பினீங்க?" என்று ஆரம்பித்தேன். "வேலைக்குத்தான், வேற எதுக்கு?" என்று அத்தை முடித்துவிட்டார். மறுநாள் வேறு மாதிரிக் கேட்டேன்: "கிளம்பின அன்னைக்கு கையில என்னென்ன வெச்சிருந்தீங்க அத்தை?" அவ்வளவுதான், நாற்பது நிமிடம் பேசினார். மடித்து வைத்திருந்த தாளில் ஒரு தொலைபேசி எண். இறங்கியதும் அழைக்க வேண்டிய எண். வியர்வையில் கடைசி இலக்கம் கலைந்து 1-ஆ 7-ஆ என்று தெரியவில்லை. முதலில் 7 போட்டிருக்கிறார். யாரோ எடுத்து, புரியாத மொழியில் பேசி வைத்துவிட்டார்களாம். என் வீடியோ முழுக்க அந்த ஒரு தாள்தான். மீதி முப்பத்தைந்து நிமிடம் வீட்டுக்குப் பத்திரமாக இருக்கிறது.

படி 2: ஒலிப்பதிவு

துணி நிறைந்த அறை நல்லது: கட்டில், திரைச்சீலை, அலமாரி. மொபைலை விமானப் பயன்முறையில் போட்டு வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். பேச்சு முடிந்ததும் யாரும் பேசாமல் அரை நிமிடம் அறையின் சத்தத்தை மட்டும் பதியுங்கள். வெட்டிய இடங்களை ஒட்டும்போது அதுதான் கை கொடுக்கும். வெறும் நிசப்தத்தை வைத்து ஒட்டினால் காது அடைத்துத் திறந்த மாதிரி இருக்கும்.

ஒலியை வெட்ட எனக்கு ஆடாசிட்டி என்ற மென்பொருள் போதும். இலவசம், பழைய கணினியிலும் ஓடும். மூச்சு விடும் சத்தத்தையெல்லாம் துடைத்தெடுக்காதீர்கள். "யாரோ எடுத்தாங்க" என்றதும் அத்தை நான்கு விநாடி பேசாமல் இருந்தார். அதில் நான் கை வைக்கவே இல்லை.

படி 3: என் மூன்று வாரத்தைத் தின்ற இடம்

அத்தையின் முகத்தை ஒரு மொபைலிலும் குரலைத் தனியாக இன்னொன்றிலும் பதிந்தேன். எடிட்டரில் (வீடியோவை வெட்டி ஒட்டும் மென்பொருள்) இரண்டையும் சேர்த்தால் தொடக்கத்தில் உதடும் குரலும் கச்சிதமாகப் பொருந்தும். போகப் போக விலகும். கடைசியில் வாய் மூடிய பிறகு சொல் வரும். சரி என்று ஒலியைக் கொஞ்சம் நகர்த்தினேன். முடிவு சரியானது, தொடக்கம் கெட்டது. மொபைல் பழுது என்று நினைத்து இன்னொன்றை இரவல் வாங்கி அத்தையை மறுபடி உட்கார வைத்தேன். அதே கதை.

காரணம் இதுதான். பெரும்பாலான மொபைல்கள் விநாடிக்கு 30 சட்டகம் (ஃபிரேம், அதாவது வீடியோவின் ஒவ்வொரு தனிப்படம்) என்று சொல்லிக்கொண்டே, வெளிச்சத்தையும் தங்கள் சுமையையும் பொறுத்து அதைக் கூட்டிக் குறைத்துப் பதிகின்றன. இதற்கு மாறும் சட்டக வேகம் என்று பெயர். பல எடிட்டர்கள் அதை நிலையான வேகம் என்று எடுத்துக்கொள்ள, விலகல் சிறுகச் சிறுகச் சேர்ந்துவிடுகிறது.

தீர்வு: எடிட்டரில் போடுவதற்கு முன் வீடியோவை ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் திறங்கள். வீடியோ பகுதியில் சட்டக வேகத்தை 30 என்று வைத்து, கீழே 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' என்பதைத் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். வெளியே வரும் கோப்பைத்தான் எடிட்டரில் போட வேண்டும்.

என்னைக் கேட்டால் முதல் கதைக்கு முகமே வேண்டாம். குரலும் நிழற்படங்களும் போதும். இந்தத் தலைவலியே வராது. கேமரா இல்லையென்றால் பெரியவர்கள் இன்னும் தாராளமாகப் பேசுவார்கள்.

படி 4: படங்கள்

ஸ்கேனர் இருந்தால் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி). இல்லையென்றால் ஜன்னல் ஓரப் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல் எடுங்கள். உறவினர்களிடம் கேட்கும்போது வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை: டாக்குமென்டாக வரும் மொபைல் படத்தில், எடுத்த இடத்தின் ஆயங்களும் (வரைபடத்தில் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் எண்கள்) கூடவே வரலாம். புகலிடம் கேட்டுக் காத்திருப்பவர், ஆவணம் இல்லாமல் வாழ்பவர் ஆகியோரின் கதை என்றால் மூலப் படத்தை யாருக்கும் கைமாற்றாதீர்கள்.

படி 5: தமிழ் வசனவரி (சப்டைட்டில்)

சில எடிட்டர்களில் தமிழை நேரடியாகத் தட்டினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறும். எழுத்துருவை மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம், சில மென்பொருள்களுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கவே தெரியாது. வசனவரியையும் அது தோன்றும் நேரத்தையும் மட்டும் வைத்த எஸ்ஆர்டி கோப்பாகத் தனியே எழுதி, எல்லா மொழி எழுத்தையும் தாங்கும் யுடிஎஃப்-8 குறிமுறையில் சேமித்து, யூடியூபில் வீடியோவோடு ஏற்றிவிடுங்கள். வேறு குறிமுறையில் சேமித்தால் வரி முழுக்கக் கேள்விக்குறியாக வரும். இன்னொரு லாபம், தமிழ் படிக்கத் தெரியாத பேரன் பேத்திகளுக்கு வேறொரு மொழியிலும் ஒரு கோப்பைச் சேர்க்கலாம்.

பிற்சேர்க்கை 1: அடையாளத்தை மறைக்க முகத்தை மங்கலாக்கினால் போதாதா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். போதாது. குரலை வைத்தே ஊரார் கண்டுபிடித்துவிடுவார்கள். தேவைப்பட்டால் கதையை வேறொருவர் குரலில் படிக்க வையுங்கள்.

பிற்சேர்க்கை 2: ஏற்றிய பிறகு சொன்னவர் மனம் மாறினால் என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டார். யூடியூபில் ஏற்றிய வீடியோவுக்குப் பதில் அதே இணைப்பில் வேறு கோப்பை வைக்க முடியாது. ஆனால் ஏற்றிய வீடியோக்களை நிர்வகிக்கும் யூடியூப் ஸ்டூடியோவிலேயே ஒரு பகுதியை வெட்டி எடுக்கலாம். நான் ஏற்றுவதற்கு முன்பே அத்தைக்குப் போட்டுக் காட்டினேன். கூட வந்த தோழியின் பெயரை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். எடுத்தேன். காரணம் கேட்கவில்லை.