போர் விமானத்தை ரசிக்கக் கற்றுக்கொள்வது எப்படி?

போர் விமானங்களில் ஆர்வம் கொள்பவர் முதலில் தேடிப் போவது பெரும்பாலும் எண்களின் அட்டவணையைத்தான்: உச்ச வேகம், எட்டும் உயரம், சுமக்கும் குண்டுகளின் எடை. இவற்றை மனப்பாடம் செய்வதில் தவறேதும் இல்லை. ஆனால், ரசிகர்கள் பல பத்தாண்டுகளாகத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் விமானங்களில் பல, தம் காலத்தின் மிக வேகமானவையும் அல்ல, போரில் அதிகம் சாதித்தவையும் அல்ல. ஒரு விமானம் எந்த வேலைக்காகப் பிறந்தது, அந்த வேலைக்காக எதையெல்லாம் விட்டுக்கொடுத்தது என்று கேட்கத் தொடங்கினால்தான் அதன் கவர்ச்சி பிடிபடும். அதற்கான விடை பெரும்பாலும் விமானத்தின் உடலிலேயே எழுதப்பட்டிருக்கும்.

வண்ணப் புகைப்படங்களைச் சிறிது காலம் ஒதுக்கிவையுங்கள். அவை வானத்தின் அழகையும் சாயத்தின் அழகையும் சேர்த்துக் காட்டி ஏமாற்றிவிடும். முன்பக்கம், பக்கவாட்டு, மேல்புறம் ஆகிய மூன்று கோணங்களில் வரைந்த கோட்டுப்படத்தை எடுத்துக்கொண்டு, அதில் இயல்புக்கு மாறாகத் தெரியும் ஒரே ஓர் உறுப்பைத் தேடுங்கள். 1940இல் முதன்முதலாகப் பறந்த அமெரிக்காவின் கோர்ஸேர் விமானத்தை முன்னாலிருந்து பார்த்தால், இறக்கைகள் உடலிலிருந்து முதலில் கீழ்நோக்கிச் சரிந்து, பிறகு மேல்நோக்கி வளைவது உடனே கண்ணில் படும். ஏறத்தாழ 2,000 குதிரைத்திறன் கொண்ட எஞ்சினுக்கு நான்கு மீட்டர் விட்டமுள்ள புரொப்பல்லர் தேவைப்பட்டது. அது தரையில் இடிக்காதிருக்க விமானம் உயர்ந்து நிற்க வேண்டும். ஆனால் சக்கரக் கால்களை நீளமாக்கினால் விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் அடித்து இறங்கும்போது அவை முறிந்துவிடும். ஆகவே கால்களைக் குட்டையாகவே வைத்துக்கொண்டு, அவை பொருந்தும் இடத்தில் இறக்கையையே கீழே இறக்கிவிட்டார்கள். இந்தக் காரணச் சங்கிலி தெரிந்த பிறகு அந்த வளைவை வெறும் அலங்காரமாகப் பார்க்க முடியாது. இதே விமானத்தின் நீண்ட மூக்கு இறங்கும் நேரத்தில் கப்பலின் தளத்தை விமானியின் கண்ணிலிருந்து மறைத்ததால், அமெரிக்கக் கடற்படை அதைக் கப்பல்களில் ஏற்றத் தொடக்கத்தில் தயங்கியது என்பது அந்தப் பேரத்தின் மறுபக்கம்.

அடுத்து இறக்கையின் தடிமனையும் ஓரங்களையும் கவனியுங்கள். ரெஜினால்ட் மிட்செல் வடிவமைத்து, 1936 மார்ச்சில் முதன்முறை பறந்த பிரிட்டனின் ஸ்பிட்ஃபயரின் நீள்வட்ட இறக்கையை அழகுக்காகவே பலர் விரும்புகிறார்கள். மெல்லியதாகவும் இருக்க வேண்டும், எட்டு இயந்திரத் துப்பாக்கிகளும் மடங்கிய சக்கரங்களும் உள்ளே அடங்கவும் வேண்டும் என்ற இரு நிபந்தனைகளுக்கு நடுவே பிறந்தது அந்த வடிவம். அதற்குக் கொடுத்த விலை தொழிற்சாலையில் தெரிந்தது. அந்த வளைவுகளைச் செய்து முடிப்பது கடினமாக இருந்ததால் உற்பத்தி தொடக்கத்தில் இழுபறியானது. 1940இல் பிரிட்டன் வானில் நடந்த போரில் அதிகமான ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியது, செய்வதற்கும் பழுதுபார்ப்பதற்கும் எளிதான ஹரிக்கேன் என்ற மற்றொரு பிரிட்டிஷ் விமானம்தான். புகழோ ஸ்பிட்ஃபயருக்குப் போனது. ஹரிக்கேனுக்கு இழைக்கப்பட்ட இந்த அநீதியை நானும் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் இரண்டும் அருகருகே நின்றால் என் கண் ஸ்பிட்ஃபயரிடம்தான் போகும். நம் ஊர் வாசகருக்குக் கூடுதலாக ஒரு செய்தி: அந்தப் போரில் ஸ்பிட்ஃபயர் ஓட்டிய 234ஆம் படையணியின் பெயரோடு 'மெட்ராஸ் பிரசிடென்ஸி' என்ற பெயரும் ஒட்டியிருந்தது.

ஜெட் விமானம் என்றால் காற்று உள்ளே போகும் வாயிலிருந்து தொடங்குங்கள். இந்திய விமானப்படையில் 1963 முதல் 2025 செப்டம்பர் வரை இருந்த மிக்-21இன் மூக்கே அதன் காற்றுவாய். அதன் நடுவே ஒரு கூம்பு நீட்டிக்கொண்டிருக்கும். ஒலியை விஞ்சிய வேகத்தில் வரும் காற்றை அதே வேகத்தில் எஞ்சின் ஏற்காது என்பதால், அந்தக் கூம்பு முன்னும் பின்னும் நகர்ந்து காற்றின் வேகத்தை உள்ளே நுழையுமுன் தணிக்கிறது. ரேடாரும் அந்தக் கூம்புக்குள்ளேயே அடங்க வேண்டியிருந்ததால், அது சிறியதாகத்தான் இருக்க முடிந்தது. எடை குறைந்த உடல், சிறிய முக்கோண இறக்கை, எளிய அமைப்பு ஆகியவற்றால் உலகெங்கும் 11,000க்கு மேல் தயாரிக்கப்பட்ட இந்த விமானம், அதே சிறிய இறக்கையால் மிக அதிக வேகத்தில் தரையிறங்க வேண்டியிருந்தது. பயிற்சி முடித்து வந்த இளம் விமானிகளுக்கு அது எளிதாக இருக்கவில்லை.

இதே கூம்பை இன்னும் பெரிய அளவில் காண வேண்டுமானால் அமெரிக்க உளவு விமானமான எஸ்ஆர்-71இன் எஞ்சின்களைப் பாருங்கள். அங்கே கூம்பு ஏறத்தாழ 66 சென்டிமீட்டர் பின்னோக்கி நகரும். ஒலியைப் போல் மூன்று மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் உடல் கொதிப்பேறும் என்பதால் பெரும்பகுதியை டைட்டானியத்தில் செய்தார்கள். பறக்கும்போது உலோகம் விரிவதற்கு இடம் வைத்துக் கட்டியதில், தரையில் நிற்கும்போது இணைப்புகளின் வழியே எரிபொருள் சொட்டும். துப்பாக்கியோ ஏவுகணையோ அதில் கிடையாது. வேகமும் உயரமும்தான் அதன் கவசம். தயாரிக்கப்பட்ட 32 விமானங்களில் 12 விபத்துகளில் அழிந்தன, எதிரியால் வீழ்த்தப்பட்டது ஒன்றுகூட இல்லை.

அழகற்றதை ரசிக்கப் பழகுவது இந்தப் பயிற்சியின் முக்கியமான கட்டம். அதற்கு அமெரிக்காவின் ஏ-10 தாக்குதல் விமானத்தை விடச் சிறந்த பாடம் இல்லை. 'வார்ட்ஹாக்' என்ற காட்டுப்பன்றியின் பெயரே அதற்குச் செல்லப்பெயர். டாங்கிகளை அழிப்பதற்கென ஏழு குழல்கள் கொண்ட 30 மில்லிமீட்டர் பீரங்கியை முதலில் முடிவுசெய்து, அதைச் சுற்றி விமானத்தைக் கட்டினார்கள் என்று சொன்னால் அது பெரிய மிகையல்ல. முன்சக்கரத்தை நேராக முன்னால் நின்று பாருங்கள்: அது நடுவில் இல்லாமல் விமானத்தின் வலப்புறம் ஒதுங்கியிருக்கும். சுடும் குழல் சரியாக மையக்கோட்டில் அமைய வேண்டும் என்பதற்காகச் சக்கரம் இடம் விட்டு ஒதுங்கியது. எஞ்சின்கள் இரண்டும் உடலின் பின்புறம் மேலே தூக்கிவைக்கப்பட்டுள்ளன. கரடுமுரடான ஓடுதளத்தின் கற்களும் தூசியும் உள்ளே போகாமலிருக்கவும், கீழிருந்து வரும் வெப்பம் தேடும் ஏவுகணைகளுக்கு அவற்றின் புகைச்சூட்டை இரட்டை வால் மறைக்கவும் இந்த ஏற்பாடு. மடக்கிய பிறகும் பக்கச் சக்கரங்கள் பாதி வெளியே தெரியும், கால்கள் விரியாமல் போனாலும் அவற்றின் மீதே இறங்கலாம். விமானியைச் சுற்றி டைட்டானியத் தொட்டி ஒன்று இருக்கிறது. 2003 ஏப்ரலில் பாக்தாத் மேல் அடிவாங்கிய விமானத்தின் ஹைட்ராலிக் அமைப்பு முழுவதும் செயலிழந்தபோது, கிம் கேம்ப்பெல் என்ற விமானி கம்பி இணைப்புகளின் வழியே கைவலிமையால் அதை இயக்கித் தளத்துக்குக் கொண்டுவந்தார். அடிபட்டும் வீடு திரும்ப வேண்டும் என்ற ஒரே எண்ணத்துக்காக வேகத்தைத் துறந்த விமானம் இது. அமெரிக்க விமானப்படை பலமுறை ஓய்வுகொடுக்க முயன்றும் நாடாளுமன்றம் தடுத்துவந்ததற்கு, தரைப்படையினர் அதன் மீது வைத்த பற்றும் ஒரு காரணம்.

கண்ணுக்குப் பிறகு காது. பிரிட்டனின் வல்கன் குண்டுவீச்சு விமானம், எஞ்சின் விசை ஒரு குறிப்பிட்ட அளவைத் தொடும்போது காற்றுவாய்களிலிருந்து ஊளை போன்ற ஓர் ஒலியை எழுப்பும். மீட்டெடுக்கப்பட்ட கடைசி வல்கன் 2007 முதல் 2015 வரை கண்காட்சிகளில் பறந்தபோது, அந்த ஒலியைக் கேட்பதற்கென்றே மக்கள் வந்தார்கள். அரக்கோணத்தின் ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து 2017 வரை பறந்த டுபோலேவ் 142 என்ற ரஷ்யக் கடல் கண்காணிப்பு விமானம், ஒவ்வொரு எஞ்சினிலும் எதிரெதிர்த் திசைகளில் சுழலும் இரண்டு புரொப்பல்லர்களைக் கொண்டது, அவற்றின் இரைச்சலும் தனி; ஜெட்டுக்குரிய பின்வளைந்த இறக்கையும் புரொப்பல்லரும் ஒரே உடலில் சேர்ந்திருப்பதைக் காண்பது அரிது. வேகமும் வேண்டும், கடலின் மேல் நெடுந்தூரம் போய்வரும் சிக்கனமும் வேண்டும் என்ற பேராசையின் விளைவு அது. பதிவுகளில் இந்த ஒலிகளைக் கேட்பதானால் பின்னணி இசை சேர்க்காதவற்றைத் தேர்ந்தெடுங்கள்.

இவ்வளவு ரசனைக்கு நடுவே, இவை யார் தலைமேல் பறந்தன என்ற கேள்வியையும் கூடவே வைத்திருக்க வேண்டும். இஸ்ரேலின் கிபிர் விமானம், முக்கோண இறக்கையும் அதற்கு முன்னால் சிறு இறக்கைகளும் கொண்ட, கோடுகளால் மட்டும் பார்த்தால் நேர்த்தியான ஒன்று. 1996 முதல் இலங்கை விமானப்படை அதைப் பயன்படுத்தியது; வன்னியில் அந்தப் பெயரைக் கேட்டுப் பதுங்குகுழிக்கு ஓடி வளர்ந்தவரிடம் அதன் வடிவ அழகைப் பேசுவது அறிவீனம். விமானத்தின் வரலாற்றைப் படிக்கும்போது அது குண்டு போட்ட ஊர்களின் பெயர்களையும் சேர்த்தே படியுங்கள்.

நேரில் பார்க்க அருங்காட்சியகமே முதல் இடம். தில்லியில் பாலம் என்னும் பகுதியிலுள்ள விமானப்படை அருங்காட்சியகம், பெங்களூரின் எச்ஏஎல் அருங்காட்சியகம், கோவாவின் கடற்படை விமான அருங்காட்சியகம் ஆகியவை நமக்கு எட்டும் தூரத்தில் உள்ளவை; அரக்கோணத்தில் ஓய்வுபெற்ற டுபோலேவ் விமானங்களில் ஒன்று விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் உள்ளே ஏறிப் பார்க்கும்படி வைக்கப்பட்டிருக்கிறது. வெளிநாடு செல்ல வாய்த்தால், இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டில் எஸ்ஆர்-71ஐயும் ஸ்பிட்ஃபயர்களையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். எங்கு சென்றாலும் பெயர்ப்பலகையைப் படிக்குமுன் சக்கரக் குழிகளுக்குள் குனிந்து பாருங்கள். மேல்புறத்தை மெருகேற்றி வைத்திருப்பார்கள். குழாய்களும் ஒட்டுத்தகடுகளும் ஆணிகளும் தெரிவது அடிப்புறத்தில்தான்.

பறக்கும் விமானங்களைக் காண, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெங்களூரு எலகங்காவில் நடக்கும் ஏரோ இந்தியா நல்ல வாய்ப்பு. 2024 அக்டோபரில் சென்னை மெரினாவில் நடந்த விமான சாகச நிகழ்ச்சிக்குப் பல லட்சம் பேர் திரண்டு, வெயிலிலும் நெரிசலிலும் ஐந்து பேர் உயிரிழந்ததை மறக்காமல், தண்ணீரும் குடையும் தொப்பியும் எடுத்துக்கொண்டு, திரும்பும் வழியையும் முன்கூட்டியே தீர்மானித்துச் செல்லுங்கள். சிறு குழந்தைகளைக் கடற்கரைக் கூட்டத்துக்கு அழைத்துப் போகாதிருப்பது நல்லது. கோவையை அடுத்த சூலூரில் தேஜஸும் தஞ்சாவூரில் சுகோய்-30உம் இருப்பதால், அந்த வட்டாரத்தினர் வீட்டு மொட்டைமாடியிலிருந்தே பழகலாம்: தனி வால் இறக்கை இல்லாத சிறிய முக்கோணம் தேஜஸ், இரட்டை வாலுடன் பெரிதாகத் தெரிவது சுகோய். ஆனால் தளங்களின் சுற்றுச்சுவர் அருகே கேமராவுடன் நிற்க வேண்டாம். படைத் தளங்களைப் படமெடுக்கத் தடை உண்டு. ஏழு அல்லது எட்டு மடங்கு பெருக்கும் சாதாரண பைனாகுலர் போதும், அதற்கு மேல் போனால் கை நடுக்கத்தில் விமானமே பார்வைக்குள் நிற்காது.