பிள்ளைக்காகப் பேசப் போய், பிள்ளையைப் பேசவிடாமல் செய்வது

கடலூர் மாவட்டத்தில் எந்த ஊருக்குப் போய் "குழந்தைகள் உரிமைக்காக வேலை செய்கிறேன்" என்று சொன்னாலும் இரண்டு கேள்விதான் வரும். "வக்கீலா?" இல்லையென்றால், "எந்த என்ஜிஓ?" விளக்கி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். வீட்டில் அடிவாங்கும் பிள்ளை, பள்ளியை விட்டு நின்று வேலைக்குப் போன பையன், பதினாறு வயதில் கல்யாணம் பேசப்பட்ட பெண், போலீஸ் பிடித்துக்கொண்டு வந்த சிறுவன். இவர்கள் பக்கத்தில் நின்று, இவர்களுக்கு என்ன வேண்டும் என்பது அதிகாரிகள் காதில் விழும்படி பார்த்துக்கொள்வதுதான் வேலை. செய்யக் கூடாத தவறுகளில் பாதிக்கு மேல் நானே செய்து பார்த்துவிட்டேன். புதிதாக வருகிறவர்கள் வேறு தவறுகளைக் கண்டுபிடித்துக்கொள்ளட்டும், இவை வேண்டாம்.

"சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"

வேலையில் சேர்ந்த முதல் வருடம். ஒரு பெண் என்னிடம், "ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லக் கூடாதுக்கா" என்றாள். நானும் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். சொந்தக்காரர் ஒருவர் செய்துகொண்டிருந்ததை அவள் சொன்னாள். அதற்குப் பிறகு அந்தச் சத்தியத்தை நான் காப்பாற்ற வழியே இல்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் 19ஆவது பிரிவு, ஒரு குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரிந்த எவரும் காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. மறைத்தால் 21ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

சொன்னேன். வழக்கும் பதிவானது. அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை, அழவில்லை. அன்றிலிருந்து "அக்கா" என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டு "மேடம்" என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

இப்போது எந்தப் பிள்ளை "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று ஆரம்பித்தாலும், அது அடுத்த வாக்கியத்துக்குப் போவதற்கு முன்பே நான் சொல்லிவிடுகிறேன்: "உனக்கு ஆபத்து இருக்குன்னு தெரிஞ்சா ரெண்டு மூணு பேர்கிட்ட நான் சொல்லித்தான் ஆகணும். யார்கிட்ட, எப்போன்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்." சில பிள்ளைகள் அத்தோடு வாயை மூடிக்கொள்வதுண்டு. பரவாயில்லை. அவர்களில் பலர் ஒரு வாரம் கழித்துத் தாங்களே வருகிறார்கள்.

இதோடு ஒட்டிப் பிறந்த இன்னொரு தவறு, துருவித் துருவிக் கேட்பது. நாம் விசாரணை அதிகாரி இல்லை. டீச்சர் ஒரு முறை கேட்பார், நாம் ஒரு முறை, கவுன்சிலர், இன்ஸ்பெக்டர், டாக்டர் என்று ஆளுக்கொரு முறை. ஐந்தாவது முறை சொல்லும்போது தேதி மாறும், இடம் மாறும். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது போதும். பிள்ளையாகச் சொன்னதை அதன் வார்த்தையிலேயே எழுதி வைத்துக்கொண்டு நிறுத்திவிடுங்கள். "அங்கம்" என்று அது சொல்லவில்லை என்றால் நீங்களும் எழுதாதீர்கள்.

வாக்குமூலம் வாங்கும் முறையையும் சட்டமே சொல்கிறது. பிள்ளையின் வீட்டில் அல்லது அது விரும்பும் இடத்தில், கூடுமானவரை சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல், பெற்றோரோ பிள்ளை நம்பும் ஒருவரோ கூட இருக்க வாங்க வேண்டும். அவசர வேலையில் இது மறந்துபோகும். போன பிறகு சண்டை போடுவதைவிட, கிளம்பும்போதே ஸ்டேஷனுக்குப் போன் செய்து, "மேடம், மப்டியில வந்துடுங்க" என்று பணிவாகச் சொல்வது பலன் தரும். ஆஸ்பத்திரியில் "எஃப்ஐஆர் எங்கே?" என்று கேட்டு அவசர சிகிச்சையைத் தள்ளிப்போடவும் விதி இடம் தரவில்லை.

ஆண் பிள்ளைகளை விட்டுவிடுவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். போக்சோ இரு பாலருக்கும் பொதுவானது. படகில், பட்டறையில், லாட்ஜில் வேலை செய்யும் பையனிடம் நாம் சம்பளத்தைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

"ஹோம்ல சேர்த்துடலாம்"

பிள்ளையை உடனே காப்பகத்துக்கு அனுப்புவது, நல்ல மனசுக்காரர்கள் அதிகம் செய்யும் தவறு. வீட்டைப் பார்க்கிறோம். கூரை ஒழுகுகிறது, அப்பா குடித்துவிட்டுக் கிடக்கிறார், அம்மாவைக் காணோம். உடனே அறிக்கையில் எழுதிவிடுகிறோம்: "தந்தை குடிகாரர், தாய் பொறுப்பற்றவர், குழந்தைக்குப் பாதுகாப்பில்லை."

அந்த அம்மா ஏன் வீட்டில் இல்லை என்று கேட்டோமா? விடியற்காலை நாலு மணிக்குத் துறைமுகத்துக்குப் போய், ஏலத்தில் ஒரு கூடை மீன் எடுத்து, அன்னக்கூடையோடு பஸ்ஸில் ஏற விடமாட்டேன் என்கிற கண்டக்டரிடம் வாதாடி, தெருத்தெருவாய் விற்றுவிட்டுப் பதினோரு மணிக்கு வருவாள். நாம் போனது ஒன்பதரைக்கு. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கப் போகும் அம்மாவின் கதையும் இதேதான். நேரம் மட்டும் வேறு.

பிள்ளை வீட்டில் இருப்பதா காப்பகத்துக்குப் போவதா என்று முடிவெடுக்கும் குழந்தைகள் நலக்குழுவில் ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருப்பார்கள். அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் நாம் எழுதிய சமூக விசாரணை அறிக்கைதான். அதில் "பொறுப்பற்றவர்" என்று ஒரு சொல் ஏறிவிட்டால் அது கோப்பை விட்டு இறங்காது. கண்டதை எழுதுங்கள், முடிவை எழுதாதீர்கள். "காலை 9.30க்குத் தாய் வீட்டில் இல்லை. மீன் விற்கப் போயிருந்தார். பக்கத்து வீட்டுப் பாட்டி குழந்தைக்குச் சோறு போட்டிருந்தார்." இவ்வளவு போதும். அந்தப் பாட்டி முக்கியம், விட்டுவிடாதீர்கள்.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், காப்பகம் கடைசி வழி என்றுதான் சொல்கிறது. வறுமைதான் பிரச்சினை என்றால் அதற்கு வேறு கதவு இருக்கிறது. குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவு மாதம் 4,000 ரூபாய். கிராமப்புறக் குடும்பமென்றால் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள், மற்ற இடங்களில் 96,000க்குள் இருக்க வேண்டும். மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாம். வருமானச் சான்று வாங்க அந்த அம்மா ஒரு நாள் வியாபாரத்தை விட வேண்டியிருக்கும். கூடப் போய் வரிசையில் நில்லுங்கள். மேடையில் பேசும் வேலையைவிட வரிசையில் நிற்கும் வேலைதான் இதில் அதிகம்.

வீட்டிலேயே ஆபத்து இருக்கும் பிள்ளைக்குக் காப்பகம் வேண்டும்தான், அதில் தயக்கம் கூடாது. அப்போதும் பிள்ளையிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். எங்கே போகிறது, அம்மா எப்போது வந்து பார்க்கலாம், தம்பி எங்கே இருப்பான் என்பதை வண்டியில் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். "சும்மா ஒரு ஆபீஸ் போயிட்டு வரலாம் வா" என்று பொய் சொல்லி அழைத்துப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை அடுத்து யாரை நம்பும்?

கல்யாணத்தை நிறுத்திவிட்டுக் கைதட்டிக்கொள்வது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கையில் பணமில்லை, பள்ளிக்கும் லீவு, வைகாசி முகூர்த்தம் வேறு வருகிறது. கடலோரக் குப்பங்களில் பெண் பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய மாதங்கள் இவை. தகவல் பெரும்பாலும் கடைசி நாளில்தான் வரும். முகூர்த்த நாளில் திருவந்திபுரம் கோயிலில் எத்தனை கல்யாணம் நடக்கும் என்று உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்ணைத் தேடிப் பிடிப்பது லேசில்லை.

சரி, பிடித்துவிட்டோம், நிறுத்திவிட்டோம், இனி செய்ய மாட்டோம் என்று பெற்றோரிடம் எழுதி வாங்கிவிட்டோம். அங்கேதான் தவறு தொடங்குகிறது. ஏனென்றால் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ் ஏறினால், பெண்ணையாற்றுப் பாலம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் முள்ளோடை. அதற்கப்புறம் புதுச்சேரி, பாகூர் கொம்யூன். வேறு போலீஸ், வேறு நலக்குழு, வேறு அதிகாரிகள். குடிகாரர்களுக்கு மட்டுமா அந்த எல்லை தெரியும்? கடலூரில் நிறுத்திய கல்யாணம் அடுத்த வாரம் பாகூர்ப் பக்கம் ஒரு சித்தப்பா வீட்டில் நடந்துவிட்டதை அடுத்த மாதம்தான் தெரிந்துகொண்டேன்.

வெறும் எழுதி வாங்கிய தாள் இதைத் தடுக்காது. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தில் 13ஆவது பிரிவின்படி மாஜிஸ்திரேட்டிடம் தடையாணை வாங்கலாம். அந்த ஆணையை மீறி எங்கே தாலி கட்டினாலும் அந்தத் திருமணம் செல்லாது. ஆணை இல்லாமல் நடந்துவிட்டால் அது தானாகச் செல்லாமல் போகாது. அந்தப் பெண்தான் வழக்குப் போட்டு ரத்து செய்ய வேண்டும், அதுவும் 20 வயது முடிவதற்குள். தமிழ்நாட்டில் இதற்குரிய அதிகாரி மாவட்ட சமூகநல அலுவலர். எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சொந்தக்காரர் வீட்டு விலாசத்தையும் முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். (இந்தச் சட்டத்தின் முதல் பிரிவிலேயே புதுச்சேரியின் ரெனோன்சான்களுக்கு, அதாவது பிரெஞ்சுக் காலத்தில் தங்கள் வழக்கச் சட்டத்தைத் துறந்தவர்களுக்கு, இது பொருந்தாது என்று ஒரு வரி இருக்கிறது. யாராவது அதைக் காட்டி வாதாடினால் திகைத்து நிற்காதீர்கள்.)

எல்லை தாண்டி வேலைக்குப் போன பையனை அங்கே மீட்டாலும் இதே கதைதான். ஆர்வத்தில் வண்டியில் ஏற்றி நேராகக் கடலூருக்குக் கொண்டு வந்துவிடக் கூடாது. மீட்ட இடத்தின் நலக்குழு முன்னால் 24 மணி நேரத்துக்குள் நிறுத்த வேண்டும். சொந்த மாவட்டத்துக்கு அவர்கள் மாற்றுவார்கள்.

கல்யாணம் நின்ற வீட்டில் அந்தப் பெண்ணின் நிலைமை என்ன என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். அவமானம், வாங்கிய கடன், சமைத்து வீணான சோறு, எல்லாம் அவள் தலையில்தான் விழும். மறுநாள் போங்கள், மறுவாரம் போங்கள். அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும் என்பதை அப்பாவிடம் சொல்லுங்கள். சட்டத்துக்கு அசையாத சில அப்பாக்கள் இந்தக் கணக்குக்கு அசைந்திருக்கிறார்கள்.

போட்டோ

2015 வெள்ளத்தின்போது நோட்டுப் புத்தகம் கொண்டு வந்தவர்கள் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, நனைந்த சட்டையோடேயே படம் எடுத்தார்கள். நாங்களும் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றோம். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளையின் அடையாளத்தை வெளியிட்டால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவுப்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முகத்தை மங்கலாக்கினால் போதும் என்று நினைக்கிறார்கள். "இன்ன குப்பத்தில், அப்பா கடலில் இறந்த, பத்தாவது படிக்கும் பெண்" என்று எழுதினால் ஊரே பெயர் சொல்லிவிடும். வாட்ஸ்அப் குழுவில் சக பணியாளர்களுக்கு அனுப்புவதிலும் இதே கவனம் வேண்டும். அந்தக் குழுவில் யாருடைய மச்சான் இருக்கிறான் என்று உங்களுக்குத் தெரியாது.

பையன்களை "கேஸ்" ஆக்குவது

செல்போன் திருடியதாகப் பிடிபட்ட பதினைந்து வயதுப் பையனைப் பார்க்கப் போகும்போது நம் வாயிலேயே "அந்தத் திருட்டுக் கேஸ்" என்று வந்துவிடும். சட்டமே அவனைக் குற்றவாளி என்று சொல்வதில்லை, சட்டத்துக்கு முரண்பட்ட சிறார் என்றுதான் சொல்கிறது. லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு போடக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அவனுக்கு ஜாமீன்தான் பொது விதி. வக்கீலுக்குப் பணமில்லை என்று அம்மா அழுதால், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு.

அவனைத் திரும்பப் பள்ளியில் சேர்க்கப் போனால் "டிசி கொண்டு வா" என்பார்கள். எட்டாம் வகுப்பு வரை டிசி தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கல்வி உரிமைச் சட்டத்தில் இடமில்லை. தலைமையாசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள். எல்லோர் முன்னாலும் சொன்னால் ஜெயிப்பது நீங்கள், அடி வாங்குவது அவன்.

"வியாழக்கிழமை வர்றேன்"

காப்பகத்தில் இருந்த ஒரு பையனிடம் இப்படிச் சொல்லிவிட்டு, கலெக்டர் ஆபீஸ் கூட்டம் என்று போகாமல் விட்டேன். வாரக் கடைசியில் போனபோது, வியாழக்கிழமை முழுக்க அவன் கேட் பக்கமே உட்கார்ந்திருந்ததாக வார்டன் சொன்னார். அவன் வாழ்க்கையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவர்கள் பட்டியல் ஏற்கெனவே நீளம். போக முடியாது என்றால் போன் செய்து அவனிடமே சொல்ல வேண்டும், வார்டனிடம் சொல்லிவிட்டு வைப்பது கணக்கில் வராது. சொந்தப் பணத்தைக் கொடுப்பது, வீட்டுக்குக் கூட்டிப் போவது, இதெல்லாமும் வேண்டாம். நாளை உங்கள் இடத்துக்கு வேறொருவர் வந்தால் அந்தப் பிள்ளை தவித்துப் போகும்.

அந்தப் பையனுக்கு 18 முடிந்தபோது இன்னொரு தவறும் சேர்ந்தது. பிறந்தநாளோடு கோப்பை மூடிவிட்டோம். காப்பகத்தை விட்டு வெளியே வருகிறவர்களுக்கு 21 வயது வரை பிற்காப்பு உதவி உண்டு, விசேஷ நிலைமையில் 23 வரைகூட. ஆனால் அதற்கு ஆதார், சாதிச் சான்று, வங்கிக் கணக்கு, மதிப்பெண் பட்டியல் எல்லாம் கையில் வேண்டும். அவன் ஆதாரில் அப்பா பெயர் ஒன்று, பள்ளிச் சான்றில் வேறொன்று. திருத்தி முடிக்கவே மாதக்கணக்கில் அலைந்தோம். அதுவரை திருப்பாதிரிப்புலியூரில் ஒரு நண்பன் அறையில் தங்கியிருந்தான். இப்போது பதினேழு முடிந்ததுமே ஒரு மஞ்சள் ஃபைலை வாங்கிப் பிள்ளையின் கையில் கொடுத்து, ஒவ்வொரு தாளாக அதுவே போட்டு வைக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.