சிறு பிள்ளைக்கு வேதாகமக் கதைப்புத்தகம் வாங்குகிறீர்களா? முதலில் யோனாவைத் தேடுங்கள்

பலரும் அட்டைப் படத்தைப் பார்த்துத்தான் புத்தகம் வாங்குகிறார்கள். நான் முதலில் யோனா கதை வரும் பக்கத்தைப் புரட்டுவேன்; நினிவே நகரத்துக்குப் போ என்று கடவுள் சொல்லியும் வேறு திசையில் ஓடி, பெரிய மீனால் விழுங்கப்பட்ட தீர்க்கதரிசிதான் யோனா. காரணம் 3ஆம் படியில் இருக்கிறது.

படி 1: வயதைப் பாருங்கள். இரண்டு வயதுப் பிள்ளை புத்தகத்தைக் கடித்தும் பார்க்கும். தடித்த அட்டைப் பக்கங்களும் பக்கத்துக்கு ஓரிரு வரிகளும் போதும். நான்கு வயதுக்கு மேல், ஒரே மூச்சில் வாசித்து முடிக்கக்கூடிய கதைகள்.

படி 2: சொற்களைக் கவனியுங்கள். வீட்டு ஜெபத்தில் ‘கர்த்தர்’, ‘பரிசுத்த ஆவி’ என்று கேட்டு வளரும் பிள்ளைக்கு ‘ஆண்டவர்’, ‘தூய ஆவி’ என்று எழுதிய புத்தகம் சற்று அந்நியமாக இருக்கும். இரண்டும் சரிதான். ஆனால் முதல் புத்தகம் வீட்டில் புழங்கும் சொல்லில் இருக்கட்டும்.

படி 3: யோனாவின் கடைசிப் பக்கத்தை வாசியுங்கள். வேதாகமத்தில் யோனாவின் புத்தகத்தில் 4 அதிகாரங்கள். சிறுவர் பதிப்புகள் சில, இரண்டாம் அதிகாரத்தில் மீன் அவரைக் கரையில் கக்கியதோடு கதையை முடித்து, ‘சொல் பேச்சுக் கேட்காவிட்டால் இப்படித்தான்’ என்று ஒரு நீதியையும் ஒட்டிவிடுகின்றன. கடவுள் அங்கே பூச்சாண்டி ஆகிவிடுகிறார். உண்மையான முடிவு வேறு. நினிவே மக்கள் மனந்திரும்புகிறார்கள், கடவுள் மன்னிக்கிறார், அது பிடிக்காமல் யோனா கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வலதுகை எது, இடதுகை எது என்று தெரியாத 1,20,000-க்கும் அதிகமான மனிதர்களும் அநேக மிருகங்களும் இருக்கிற நகரத்துக்காக நான் பரிதபிக்க வேண்டாமா என்று கடவுள் கேட்பதோடு புத்தகம் முடிகிறது. செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொள்ளும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான வரி உண்டா? இந்தக் கேள்வியை விட்டுவிடாத புத்தகத்தை நம்பி வாங்கலாம்.

படி 4: வேதாகமத்தைப் பக்கத்தில் வைத்து ஒரு கதையை ஒப்பிடுங்கள். மூலத்தில் ‘பெரிய மீன்’ என்றிருப்பதைத் திமிங்கிலமாக வரைந்திருந்தால் நான் பெரிதுபடுத்த மாட்டேன். கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் மூவர் என்று மத்தேயு சொல்லவில்லை; காணிக்கைகள்தான் மூன்று. அதையும் மன்னித்துவிடலாம். இயேசு சொல்லாத அறிவுரையை அவர் வாயில் வைத்திருந்தால் மட்டும் புத்தகத்தைத் திருப்பி அலமாரியில் வைத்துவிடுங்கள்.

படி 5: கடினமான காட்சிகள். சிலுவைக் கதை இருந்தால் உயிர்த்தெழுதலும் அதே புத்தகத்தில் இருக்க வேண்டும். பிள்ளையைச் சிலுவையடியில் விட்டுவிட்டு, மீதியை அடுத்த பாகத்தில் பார்க்கலாம் என்பது சரியல்ல. நோவாவின் வெள்ளத்தைப் பொறுத்தவரை, பயந்த சுபாவமுள்ள பிள்ளை என்றால் சில மாதங்கள் தள்ளிப் போடலாம்.

படி 6: வாங்கும் முன் ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசியுங்கள். உங்கள் நாக்கு தடுக்கும் வாக்கியத்தில் பிள்ளையின் கவனமும் தடுக்கும். காணாமற்போன ஆட்டின் கதை இதற்கு ஏற்றது. 99 ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போகிற மேய்ப்பன், அதைக் கண்டதும் தோளில் போட்டுக்கொள்கிறான். அந்த இடத்தில் உங்கள் குரல் தானாகவே மாற வேண்டும்.

வாங்கியாயிற்று என்றால், முதல் இரவில் ‘இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?’ என்று கேட்காதீர்கள். ‘இன்னொரு தடவை’ என்று பிள்ளை கேட்டால் மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து வாசியுங்கள்.