டர்போவுக்குப் பின்னல் ஹோஸ்: ஆயில், கூலண்ட் லைன்களை நாமே மாற்றும் முறை

குஞ்சப்பனை தாண்டி நாலைந்து வளைவு ஏறியிருப்போம். காருக்குள் பாகு காய்ச்சுவது போல இனிப்பாக ஒரு வாடை. அம்மா, "யாரோ பலாப்பழம் உரிக்கிறாங்க போல" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அது கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின் வாடை. ஓரம் கட்டிப் பானட்டைத் திறந்தால், எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் டர்போவுக்குப் போகும் ரப்பர் ஹோஸில் மயிரிழை அளவு வெடிப்பு. அதிலிருந்து ஆவி பீறிட்டுக்கொண்டிருந்தது. அன்று கோத்தகிரிக்குப் பேருந்தில்தான் வந்து சேர்ந்தோம்.

அடுத்த வாரமே டர்போவின் ஆயில், கூலண்ட் லைன்கள் நான்கையும் ஸ்டீல் பின்னல் ஹோஸாக, அதாவது மேலே ஸ்டீல் கம்பிப் பின்னல் போர்த்திய குழாயாக மாற்றினேன். அந்த வேலையை முதல்முறை செய்பவர்களுக்காக இங்கே விவரமாக எழுதுகிறேன். என்னுடையது பழைய 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் கார். உங்கள் காரில் இடமும் அளவும் மாறும், முறை மாறாது. வாரண்டி முடியாத காரில் மட்டும் கை வைக்காதீர்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதனால் காருக்கு ஒரு குதிரைத்திறன்கூடக் கூடாது. டர்போ நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் பொருள். அதன் தண்டைத் தாங்குவது ஒரு மெல்லிய ஆயில் படலம்தான். ஒரு பக்கம் அதைச் சுழற்றும் பெட்ரோல் எஞ்சினின் புகை 900 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டுக்குப் பக்கத்திலேயே பத்துப் பதினைந்து வருடம் கிடக்கும் ரப்பர் காய்ந்து வெடிக்கத்தான் செய்யும். சில இடங்களில் எலியும் கடித்துவிடும். நாம் மாற்றுவது அந்த ஆபத்துக்காக.

மலையில் இது இன்னும் முக்கியம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். திறந்த பாத்திரத்தில் அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எஞ்சின் ஓடுவதே 90 டிகிரியை ஒட்டித்தான். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும் வரை கொதிக்காது. ஹோஸ் கசிந்து அழுத்தம் போனால், கீழே மேட்டுப்பாளையத்தில் தாங்கும் கார் இங்கே தாங்காது. அது போக, காற்று மெலிந்த உயரத்தில் எஞ்சினுக்கு அதே காற்றழுத்தம் தர டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கும்.

வாங்க வேண்டியவை

உங்கள் காருக்கென்றே தயாரான கிட் கிடைத்தால் அதையே வாங்குங்கள். முதல்முறை செய்பவருக்கு அதுதான் நல்லது. கிடைக்காவிட்டால் ஹோஸும் அதன் முனையில் மாட்டும் ஃபிட்டிங்கும் தனித்தனியாக வாங்கிச் செய்துகொள்ளலாம்.

அளவுகளை ஏ.என். எண்ணில் சொல்வார்கள். அமெரிக்க ராணுவமும் கடற்படையும் வைத்த தரம் அது. எண்ணைப் பதினாறால் வகுத்தால் அங்குலக் கணக்கு வரும். 4 என்றால் கால் அங்குலம், 6 என்றால் முக்கால் அங்குலத்தில் பாதி, 10 என்றால் அரை அங்குலத்தைவிடக் கொஞ்சம் பெரிது. டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் லைனுக்கு பெரும்பாலும் 3 அல்லது 4, கூலண்டுக்கு 6, ஆயில் திரும்பி வரும் ரிட்டர்ன் லைனுக்கு 10 போடுவது வழக்கம். எதுவானாலும் பழைய குழாயின் உள்விட்டத்தைவிடச் சிறியதாகப் போடாதீர்கள்.

வெளியே பார்த்தால் எல்லாப் பின்னல் ஹோஸும் பளபளவென்று ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். உள்ளே ரப்பர் இருந்தால் அதுவும் சூட்டில் காயும், மேலே பின்னல் மூடியிருப்பதால் வெடிப்பு கண்ணுக்கும் தெரியாது. சாதாரண ரப்பர் ஹோஸையாவது அமுக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். அதனால் உள்ளே டெஃப்லான், அதாவது பி.டி.எஃப்.இ. குழாய் உள்ளதாகப் பாருங்கள். அது 200 டிகிரிக்கு மேலும் தாங்கும். டெஃப்லான் ஹோஸுக்கான ஃபிட்டிங் வேறு, ரப்பர் ஹோஸுக்கானது வேறு. ஒன்றை இன்னொன்றில் போட்டால் கழன்று வரும்.

கோயம்புத்தூர்ப் பக்கம் ஹைட்ராலிக் ஹோஸ் கடைகளில் நீளம் சொன்னால் அழுத்திப் பொருத்தியே கொடுப்பார்கள். நல்ல வழிதான். ஆனால் முனை 37 டிகிரி சரிவு உள்ளதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். ஜே.ஐ.சி. என்பதும் அதே 37 டிகிரிதான். பி.எஸ்.பி. எனும் பிரிட்டிஷ் குழாய் மரை வகையின் கூம்பு 60 டிகிரி. மரை ஒன்றிரண்டு சுற்று ஏறுவது போல இருக்கும், ஏமாந்துவிடக் கூடாது.

கூடவே புது செம்பு வாஷர்கள், ரிட்டர்ன் லைனுக்கான புது கேஸ்கெட், சூடு தாங்கும் உறை, ரப்பர் வைத்த கிளிப்புகள், புது ஆயிலும் ஃபில்டரும், உங்கள் கார் நிறுவனம் சொல்லும் வகைக் கூலண்ட், டிஸ்டில்டு வாட்டர். உங்கள் டர்போ பால் பேரிங் வகையா என்றும் விசாரியுங்கள். அந்த வகைக்கு ஆயில் உள்ளே போகும் இடத்தில் சுமார் 1 மில்லிமீட்டர் துளையுள்ள, ஆயில் வரத்தைக் குறைக்கும் ரெஸ்ட்ரிக்டர் இருக்கும். கழற்றும்போது அதைத் தொலைத்துவிட்டால் ஆயில் மிதமிஞ்சிப் பாய்ந்து புகை வரும். தண்டு ஆயில் படலத்திலேயே மிதக்கும் சாதாரண ஜர்னல் பேரிங் டர்போவுக்கு அது வேண்டாம்.

கழற்றுதல்

முதல் நாள் இரவே காரை நிறுத்திவிட்டு, காலையில் குளிர்ந்த எஞ்சினில் ஆரம்பியுங்கள். மலையில் சமதளத் தரை கிடைப்பதே அரிது, தெரியும். ஆனாலும் சமமான தரையைத் தேடுங்கள். சக்கரத்துக்குக் கல் வையுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்காமல் ஜாக் ஸ்டாண்ட் போடுங்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள்.

ஒவ்வொரு ஹோஸும் போகும் வழியைத் தொடுவதற்கு முன்பே நான்கு பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கூலண்டையும் ஆயிலையும் வடிக்கலாம். இரண்டையும் ஓடையிலோ சாக்கடையிலோ ஊற்றாதீர்கள். கோத்தகிரியில் ஊற்றியது கடைசியில் பவானியில்தான் போய்ச் சேரும். கூலண்ட் இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், அது நஞ்சு. மூடியுள்ள கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் பட்டறையில் கொடுங்கள்.

டர்போவில் இருக்கும் போல்ட்டுகள் சூட்டில் வெந்து இறுகியிருக்கும். முதல் நாளே துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிடுங்கள். திமிறினால் பலம் காட்டாமல், கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, முன்னும் பின்னுமாக எடுங்கள். ஒரு போல்ட் உள்ளே முறிந்தால் ஒருநாள் வேலை ஒருவார வேலையாகிவிடும். கழற்றியதும் எல்லாத் துளைகளையும் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். ஆயில் துளைக்குள் ஒரு மணல் விழுந்தாலும் பேரிங் போச்சு.

பழைய ஆயில் லைனைக் கையில் எடுத்ததும் உள்ளே பாருங்கள். என்னுடையதில் கரி படிந்து துளை பாதியாகச் சுருங்கியிருந்தது. ஏறி வந்த சூட்டோடு எஞ்சினை அணைத்தால் உள்ளே நிற்கும் ஆயில் வெந்து இப்படித்தான் கரியாகும்.

ஹோஸ் செய்தல்

நீளத்தை ஒரு கயிறு வைத்து அளந்து, இரண்டு விரற்கடை கூட்டிக்கொள்ளுங்கள். எஞ்சின் முறுக்கும்போது அசையும், ஹோஸ் விறைப்பாக இருந்தால் முனையை இழுக்கும்.

வெட்டுமிடத்தில் டேப்பை இறுக்கிச் சுற்றி, அதன் நடுவில் மெல்லிய கட்டிங் வீலால் நேராக வெட்டுங்கள். ஆக்சா பிளேடில் வெட்டினால் பின்னல் கம்பி பிரிந்து விரலைக் குத்தும். கையுறை கட்டாயம்.

இப்போது வரிசை முக்கியம். முதலில் ஃபிட்டிங்கின் வெளி உறையான சாக்கெட்டை ஹோஸின் மேல் மாட்டிவிடுங்கள். டேப்பைப் பிரித்து, பின்னலை லேசாக விரியுங்கள். பித்தளை வளையம் ஒன்று தருவார்கள், அதை வெள்ளைக் குழாயின் மேல், பின்னலுக்கு உள்ளே, முட்டும் வரை தள்ளுங்கள். ஒரு கம்பி இழைகூட வளையத்துக்கு உள்ளே மாட்டக் கூடாது. கசிவு வருவதற்குப் பெரும்பாலும் அந்த ஒற்றை இழைதான் காரணம். பிறகு ஃபிட்டிங்கின் உள்குழாயான நிப்பிளில் ஒரு சொட்டு ஆயில் தடவி நேராக உள்ளே அழுத்தி, சாக்கெட்டை மேலே இழுத்து மரையில் ஏற்றி இறுக்குங்கள். வைஸில் பிடிக்கும்போது இடையில் அலுமினியத் தகடோ மரக்கட்டையோ வையுங்கள்.

எனக்கு முதல் முனைக்கு முக்கால் மணி நேரம் ஆனது. கடைசி முனை பத்து நிமிடம். முடிந்ததும் உள்ளே காற்று அடித்துத் தூளை வெளியேற்றுங்கள். ஒரு முனையை அடைத்து, வாளித் தண்ணீரில் முக்கி, மறுமுனையில் காற்று கொடுத்துப் பாருங்கள். குமிழி வந்தால் பிரித்து மறுபடியும் செய்யுங்கள். "ஓடும்போது சரியாகிவிடும்" என்று விடாதீர்கள்.

பொருத்துதல்: ரிட்டர்ன் லைனைக் கவனியுங்கள்

எல்லோரும் ஆயில் உள்ளே போகும் லைனைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். அதில் பம்ப் தள்ளுகிறது, எப்படி வளைத்தாலும் போகும். திரும்பி வரும் லைனில் தள்ள ஆளில்லை. நுரைத்த ஆயில் தன் எடையில்தான் சம்ப்புக்கு, அதாவது எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டிக்கு இறங்க வேண்டும். நடுவில் ஒரு தொய்வோ மேடோ இருந்தால் ஆயில் தேங்கி, டர்போவின் சீல் வழியாக வெளியேறி, சைலன்சரில் நீலப் புகை வரும். டர்போ கெட்டுவிட்டது என்று சொல்லிப் புதிது வாங்க வைப்பார்கள், தப்பு ஹோஸில் இருக்கும்.

டர்போ செய்பவர்கள், இந்த வடிகால் செங்குத்திலிருந்து 35 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது என்பார்கள். மலைக்காரர்கள் இன்னும் ஒரு கணக்கையும் சேர்க்க வேண்டும். நூறடிக்குப் பதினைந்து அடி ஏறும் சாலையில் கார் எட்டரை டிகிரி சாயும். டர்போ எஞ்சினுக்குப் பின்னால் இருந்து, ரிட்டர்ன் முன்பக்கம் நோக்கி இறங்கினால், ஏற்றத்தில் அந்தச் சரிவு அத்தனை டிகிரி குறைந்துபோகும். அதுவும் டர்போ முழு வேலை செய்யும் நேரத்தில். சமதளத்தில் பார்த்து 'இறங்குகிறது' என்று திருப்திப்படாமல், முடிந்தவரை செங்குத்தாக விடுங்கள். 10 எண் ஹோஸ் முரட்டுத்தனமானது, மடக்கினால் உள்ளே நசுங்கும். வளைவு வேண்டுமென்றால் 45 அல்லது 90 டிகிரி ஃபிட்டிங் போடுங்கள்.

கூலண்ட் லைனில் வேறொரு விஷயம். எஞ்சின் நின்ற பிறகும் டர்போவில் சூடான கூலண்ட் தானே மேலே எழும்ப, குளிர்ந்தது கீழிருந்து உள்ளே வரும். உள்ளே வருவது தாழ்வாகவும், வெளியே போவது உயரமாகவும் இருந்தால்தான் இது நடக்கும். இடையில் மேடு வைத்தால் காற்று சிக்கிக்கொள்ளும்.

எல்லா முனைகளையும் முதலில் கையாலேயே ஏற்றுங்கள். கைக்கு ஏறாதது ஸ்பேனருக்கும் ஏறக் கூடாது. 37 டிகிரி முனையில் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம், சரிவும் சரிவும் முட்டித்தான் அடைக்கிறது. பிய்ந்த டேப் துணுக்கு ஆயில் துளையைப் போய் அடைக்கும். இரண்டு ஸ்பேனர் பிடியுங்கள், ஒன்று தாங்க, ஒன்று திருக. கை இறுகிய பிறகு கால் சுற்று அளவு போதும். எவ்வளவு விசையில் இறுக்குவது என்று டார்க் அளவு கொடுத்திருந்தால் அதன்படி செய்யுங்கள். நடுவில் துளையுள்ள பான்ஜோ போல்ட் இருந்தால், அதன் வளையத்துக்கு இரு பக்கமும் புது செம்பு வாஷர்.

பின்னல் ஒரு ரம்பம் போல. உரசும் எதையும் அறுக்கும், ஒயர், அலுமினியம், பக்கத்து ஹோஸ் எல்லாவற்றையும். உரசும் இடங்களில் ரப்பர் கிளிப் போட்டுப் பிடியுங்கள். எக்ஸாஸ்டுக்கு அருகில் சூடு தாங்கும் உறை போட்டு, கழற்றிய ஹீட் ஷீல்டைத் திரும்ப மாட்டுங்கள்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன்

ஆயில் லைனின் டர்போ முனையைக் கடைசியாக மாட்டுங்கள். மாட்டுவதற்கு முன் அந்தத் துளையில் சுத்தமான ஆயில் கொஞ்சம் ஊற்றுங்கள். ஆயில், ஃபில்டர், கூலண்ட் எல்லாம் போட்டு, பேட்டரியை இணைத்து, ஃபியூயல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுப் பத்து வினாடி ஸ்டார்டர் அடியுங்கள். கொஞ்சம் ஆறவிட்டு மறுபடி. ஆயில் விளக்கு அணையும் வரை இப்படிச் செய்த பிறகே ஃபியூஸை மாட்டுங்கள். வறண்ட டர்போவைச் சுற்றவிட்டால் செலவழித்ததெல்லாம் வீண்.

கூலண்டை டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி கலந்தால் -37 டிகிரி வரை உறையாது. நமக்கு அவ்வளவு தேவையில்லை, ஆனால் ஜனவரியில் தலைக்குந்தா, காந்தல் பக்கம் உறைபனி விழும்போது வெறும் தண்ணீர் ஊற்றி வைத்தவர்கள்தான் தவிப்பார்கள். கூலண்டில் சிக்கிய காற்றை எடுக்க மலையில் ஒரு வசதி உண்டு. காரின் மூக்கு மேலே இருக்கும்படி ஏற்றத்தில் நிறுத்தி ஓடவிட்டால், மூடி இருக்கும் இடமே உயரமாகி, குமிழிகள் தானாக வந்து சேரும். ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள்.

ஐட்லிங்கில் பத்து நிமிடம் ஓடட்டும். டார்ச் அடித்து ஒவ்வொரு முனையையும் பாருங்கள், ஒரு வெள்ளைத் தாளைக் கீழே விரித்து வையுங்கள். ஆக்சிலரேட்டரை இன்னும் தொட வேண்டாம்.

முதல் ஓட்டம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். நான் கோடநாடு சாலையில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, குளிர்ந்த பிறகு எல்லா முனைகளையும் பார்த்தேன். ஒரு கூலண்ட் முனை மட்டும் ஈரமாக இருந்தது, லேசாக இறுக்கியதும் நின்றது. மேட்டுப்பாளையம் இறங்கி ஏறியது அதற்கு மூன்று நாள் கழித்து. ஏறி முடித்து நிறுத்தியதும் சாவியைத் திருப்பாமல் ஒன்றிரண்டு நிமிடம் ஓடவிட்டு அணைத்தேன். மறுநாள் காலை மூடியைத் திறந்து கூலண்ட் அளவைப் பார்த்தால், அரை விரல் இறங்கியிருந்தது, மிச்சக் காற்று வெளியேறியதுதான். நிரப்பினேன். அதற்கு அடுத்த வாரமும் அதே கோட்டில் நின்றது.