முதன்மை ரீல் பாதியில் இறுகியது ஏன்?

புளோரிடாவின் பீகாக் ஸ்பிரிங்ஸ் போன்ற நீர் நிறைந்த குகைகளில் முக்குளிக்கும்போது, வாயிலிலிருந்து உள்ளே இருக்கும் நிரந்தர வழிக்கயிறு வரை நாம் கொண்டுபோகும் முதன்மை ரீலின் (கயிறு சுற்றிய கைக்கருவி) கயிறுதான் வழி. என் ரீல் உள்ளே போகும்போது சீராக ஓடும்; திரும்பி வருகையில் கயிற்றைச் சுற்றும்போது பாதியில் இறுகிவிடும்.

மைய போல்ட்டைத் தளர்த்தினேன். உருளை கட்டுப்பாடின்றிச் சுழன்று கயிறு பந்தாய்ச் சிக்கியது. சிலிக்கோன் கிரீஸ் தடவியும் பயனில்லை.

முழுக்கப் பிரித்த பிறகே தெரிந்தது: உருளையின் விளிம்பைத் தாண்டி வழுக்கிய ஒரு சுற்று, சட்டத்துக்கு இடையே புகுந்து அச்சைச் சுற்றியிருந்தது. காரணம், விளிம்பு வரை உலர்ந்த நைலான் கயிறு சுற்றியது. நீருக்கடியில் தளர்வாகச் சுற்றும்போது அதே நீளம் கூடுதல் இடம் பிடிக்கும்.

15 மீட்டர் வெட்டினேன். மீதியை இரவு முழுக்க ஊறவைத்து, ஈரத்துணியால் இறுக்கிப் பிடித்தபடி சுற்றினேன்; விளிம்பில் 1 செ.மீ. காலி. நைலான் நனைந்து காய்ந்தால் சுருங்கும். அதனால் தூரம் அறிய 3 மீட்டருக்கு ஒன்றாகப் போடும் அடையாள முடிச்சுகளை, ஊறவைத்துக் காயவைத்த பிறகே அளந்து போட வேண்டும். சிக்கல் தீர்ந்தது, பெரிய நிம்மதி.

புது ரீல் வாங்கினால் கயிற்றுத் துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். உருளைக்கும் சட்டத்துக்கும் இடையே அது நுழைந்தால் அந்த ரீல் வேண்டாம்.